மூச்சில்லாதவரின் முறையீடு

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது நம்மவர் பழமொழி. வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலே ஒரு காலைப்பொழுது காத்திருந்தவர்கள் இதன் உண்மையை நன்கு அறிவர். வலி கண்டவர் கூவுகிறார். காயம் பட்டவருக்காக அவருடைய இரத்தமே பேசுகிறது. தொய்வு கண்டவரோ வாங்கின் விளிம்பைப் பற்றிக் குனிந்தபடி மௌனமாக இருக்கிறார். பேச மனமில்லாமலன்று, பேசுதற்கு மூச்சில்லாமையால்.

கிராமப் பாடசாலையொன்றிலே கற்பிக்கும் சகோதரி ஒருவர் எமக்கு எழுதிய கடிதம் இதனையே உணர்த்துகின்றது. இரவு முழுவதும் முட்டு. விடிந்ததும் வைத்தியசாலைக்குத் தனியே சென்றார். "பெரிதாக இழுப்புச் சத்தம் இல்லை, வீணாகப் பயப்படுகிறீர்கள்" என்று சொல்லிக் குளிகை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று மாலையே அவரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. "சொல்வதற்கு எனக்கு வாய் இருந்தது, மூச்சு இருக்கவில்லை. நான் சத்தமிட்டிருக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டியதில்லை, சகோதரி. சத்தமிட முடியாமையே உங்கள் நோயின் சாட்சியாகும். ஒரு வசனத்தை ஒரே மூச்சிற் சொல்லி முடிக்க இயலாதிருத்தல் கடுந்தொய்வின் அடையாளம் என வைத்திய நூலோர் வகுத்துள்ளனர். வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 25 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதலும், நாடி 110க்கு மேல் ஓடுதலும் அவ்வாறே. இவற்றுள் ஒன்று காணப்படினும் போதும். இழுப்புச் சத்தம் கேளாமை எப்போதும் நற்குறியன்று. காற்றுக் குழாய்கள் மிக ஒடுங்கிவிட்டால் சத்தம் எழுப்பவும் காற்றோட்டம் இராது. நெஞ்சு மௌனமாகிவிடுதலும், உதடு நீலம் பாரித்தலும், நோயாளி சோர்ந்து தடுமாறுதலும் உயிருக்கே ஆபத்தான குறிகள்.

பயத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. மூச்சு முட்டினால் எவருக்கும் பயம் வரும். நெரிசலின் நடுவே, சில நிமிடங்களுக்குள் ஒரு நோயாளியைப் பார்த்துமுடிக்கும் வைத்தியருக்கு அந்தப் பயம் முதலிலே தெரிகின்றது. அதன் அடியிலிருக்கும் முட்டு தெரியாமற் போவதுண்டு. ஆகவே பயத்தைக் காட்டுவதிலும் கணக்கைக் காட்டுவது பயன் தரும்.

கணக்கைச் சுகமாயிருக்கும் நாளிலேயே எழுதி வைத்தல் வேண்டும். ஒரு சிறு அட்டையிலே நோயின் பெயர், பாவிக்கும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், முன்னர் வைத்தியசாலையிலே தங்கிய நாட்கள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். முட்டு வந்தபின், அது தொடங்கிய நேரத்தையும் நிவாரண பம்பை எத்தனை முறை அடித்தீர்கள் என்பதையும் அதன்கீழ் எழுதுங்கள். பம்பு தந்த ஆறுதல் நான்கு மணி நேரமும் நில்லாவிடின் தாமதியாது புறப்படுங்கள். வைத்தியரின் மொழி வேறு, உங்கள் மொழி வேறாயின், இலக்கங்கள் இருவருக்கும் பொதுவானவை.

பீக் புளோ மீற்றர் என்றொரு சிறு கருவி உண்டு. ரைட், மக்கரோ என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் 1959ஆம் ஆண்டில் இதனை அறிமுகஞ் செய்தனர். ஊதிவிடும் மூச்சின் வேகத்தை இது அளந்து காட்டும். உங்களது சிறந்த அளவை முன்னரே அறிந்திருத்தல் நன்று. ஊதும் அளவு அதிலே பாதியாகக் குறையுமானால் முட்டுக் கடுமையானது என்பதில் ஐயமில்லை.

இயன்றவரை தனியே செல்லாதீர்கள். கூடச் செல்பவர் வாதாட வேண்டியதில்லை. "ஐயா, நேற்று ஒரே மூச்சிற் பேசியவர், இன்று மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துகிறார்" என்று பணிவாகச் சொன்னாற் போதும். காத்திருக்கும்போது மோசமானால் முறை வரட்டும் என்றிராது அருகிலுள்ள தாதியிடம் உடனே தெரிவித்தல் வேண்டும். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்திருக்கச் செய்யுங்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லையா? மூன்று கேள்விகள் கேளுங்கள். "மூச்சையும் நாடியையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பீர்களா? விரலிலே மாட்டும் கருவியால் ஒட்சிசனை அளப்பீர்களா? எந்தக் குறி கண்டால் நான் திரும்பி வரவேண்டும் என்பதை எனது கொப்பியில் எழுதித் தருவீர்களா?" இவை எவரையும் அவமதிக்கும் கேள்விகளல்ல. நல்ல வைத்தியர் இவற்றை வரவேற்பார்.

ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் மறுமுறை போகக் கூசுகிறார். "மறுபடியும் வந்துவிட்டாள் என்பார்களே" என்ற எண்ணந்தான். பிரித்தானியாவிலே தொய்வினால் இறந்த 195 பேரின் வரலாற்றை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களுள் நூற்றுக்கு 45 பேர் வைத்திய உதவியை நாடாமலோ, அவசர சிகிச்சை கிடைக்குமுன்னரோ இறந்துபோயினர். வீட்டிலே பொறுத்திருந்து பார்ப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

காலையிலே போனோமே என்று மாலையிலே தயங்காதீர்கள். நடக்க முடியாவிடின் 1990 என்னும் இலக்கத்தை அழையுங்கள். 2016ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணம் எதுவுமின்றி வரும். வண்டி வரும்வரை பம்பை இடைவிட்டு, வைத்தியர் சொல்லியிருக்கும் முறைப்படி பாவியுங்கள்.

வீட்டிலே தொய்வுக்காரர் ஒருவர் இருப்பின், அவருக்காகப் பேசும் பொறுப்பு மற்றவர்களுடையது. இன்று ஞாயிறு, ஓய்வான நாள். அந்தச் சிறு அட்டையை இன்றே எழுதி, பம்பு இருக்கும் பையினுள்ளே வைத்துவிடுங்கள்.