பச்சைக் கோடு யார் தந்த பங்கு?

பெப்ரவரி 4 வந்துவிட்டால் கண்டியிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நமது பள்ளிவாசல்களில், கடை வாசல்களில் தேசியக்கொடி ஏறுகிறது. நல்லது, ஏறட்டும். ஆனால் அதன் கீழே நின்று நம்மவர் பேசும் பேச்சுத்தான் சகிக்கவில்லை. "பச்சைக் கோடு நமக்குரியது. நமக்கும் ஓர் இடம் தந்திருக்கிறார்கள்." அந்தத் 'தந்திருக்கிறார்கள்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

யார், யாருக்குத் தந்தது? 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோன கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக்கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. அந்தக் கொடியில் பச்சையும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை. ஒரு முஸ்லிம் எழுந்து நின்று, தன் இனத்துக்கென ஒரு கோடு கேட்கவில்லை. முழுக் கொடியையும் கேட்டார்.

இதில் வியப்பென்ன? போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். முந்நூறு ஆண்டு கழித்து அந்த மண்ணின் பிரதிநிதி கண்டியின் கொடியைக் கேட்கிறார். அந்தக் கொடிக்குரிய கடைசி மன்னனோ தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவன். சிறைப்பட்டு வேலூரில் உயிர்விட்டவன். 'இது எங்கள் இனத்துக்கு மட்டுமே' என்போர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

கோடுகள் பின்னர் வந்தவை. பண்டாரநாயக்க தலைமையிலான குழுவில் டி.பி. ஜாயாவும் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் இருந்தார்கள். செனட்டர் நடேசன் முடிவோடு உடன்படவில்லை. 1951 மார்ச் 2இல் கோடுகளோடு கொடி ஏற்கப்பட்டது. நான்கு மூலைகளிலும் அரசிலைகள் வந்தது 1972இல்.

"சிங்கத்தின் வாள் நம்மைப் பார்த்தல்லவா நீட்டப்பட்டிருக்கிறது?" என்று தேநீர்க்கடையில் முணுமுணுப்போரும் நம்மில் உண்டு. 2015இல் கோடுகளை நீக்கிய கொடியோடு சிலர் வீதிக்கு வந்ததையும், 2018 மார்ச்சில் திகனையும் தெல்தெனியவும் அக்குறணையும் பட்ட பாட்டையும் கண்ட பிறகு அந்த முணுமுணுப்பை நான் ஏளனம் செய்யமாட்டேன். கோடுகளை வெட்டுவது அக்கிரமம். அவை இருக்கத்தான் வேண்டும். ஆனால் நமது உரிமையின் எல்லை அந்தக் கோடுதான் என்று நாமே ஒப்புக்கொள்வது அதைவிடப் பெரிய இழப்பு.

வகுப்பில் கொடி வரையச் சொன்னால் நமது பிள்ளை பச்சைக் கோட்டை அழுத்தி அழுத்தித் தீட்டுகிறான். சிங்கத்தை அரைகுறையாக விட்டுவிடுகிறான். அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யார்? நாம்தான்.

1978 அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை, தேசியக்கொடி இரண்டாம் அட்டவணையில் காட்டப்பட்ட சிங்கக்கொடி என்று மட்டுமே சொல்கிறது. எந்த நிறம் யாருக்கு என்று அங்கே ஒரு வரியும் இல்லை. அர்த்தம் மேடையிலும் வகுப்பறையிலும்தான் உண்டாகிறது. அப்படியானால் அதை உண்டாக்கும் பொறுப்பு ஆசிரியனுக்கும் எழுத்தாளனுக்கும் இல்லையா?

தந்தது என்றால், தந்தவன் ஒருநாள் திருப்பிக் கேட்பான். ஆகவே கவியரங்குகளில் பச்சைக் கோட்டைப் பாடியது போதும். சின்னலெப்பையின் பிரேரணையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பச்சையைத் தீட்டிய கையாலேயே சிங்கத்தையும் முழுதாகத் தீட்டச் சொல்லுங்கள்.