நம்ம ஊருக்கும் ஒரு லாக் புக் உண்டு



பட்டறையில் ஓர் எந்திரம் பழுதாகி நின்றால் ஆசிரியர் முதலில் என்ன கேட்கிறார்? "ஸ்பேனரை எடு" என்றா? இல்லை. "லாக் புக்கை எடுடே, போன தடவை என்ன கோளாறுன்னு பாரு" என்கிறார். ஓர் எந்திரத்துக்கே பழைய கணக்கு வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 2 லட்சத்து 37 ஆயிரம் பேர் வாழும் தூத்துக்குடிக்கு வேண்டாமா?

வேண்டும். இருக்கவும் இருக்கிறது. நூலகத்தில் போட்டித் தேர்வு வழிகாட்டி கிடக்கும் மேசையில் இடம் பிடிக்க முடியாது. ஆனால் ஊர் வரலாறு இருக்கும் பழைய நூல் அலமாரிப் பக்கம் ஈ, காக்கை கிடையாது. நம்ம ஊரின் லாக் புக் அங்கேதான் தூங்குகிறது.

தேடப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு குறிப்பு. 'தூத்துக்குடி' என்ற பெயரை மட்டும் தேடினால் ஏமாந்து போவீர்கள். நம்ம ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரானது 1986 அக்டோபர் 20இல்தான். அதற்கு முன்னால் எல்லாம் திருநெல்வேலிக் கணக்குதான். ஆங்கில நூல்களில் 'டின்னவெல்லி', 'டூட்டிகோரின்' என்று பார்க்க வேண்டும். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறும், பேட் என்ற ஆங்கில அதிகாரி 1917இல் தொகுத்த மாவட்ட கெஜட்டியரும் இப்படித்தான் கைக்கு வரும். மழை, ஆறு, பயிர், வியாபாரம், சாதி, தாலுகா என்று எல்லாம் அதில் உண்டு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, படிக்கலாம்.

படித்தால் என்ன ஆகும்? தெருவெல்லாம் பேச ஆரம்பிக்கும்! கிரேட் காட்டன் ரோட்டில் தினமும் சைக்கிளில் போகிறோம். பருத்திக்கும் அந்த ரோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதுண்டா? கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் காட்டில் விளைந்த பருத்தி இங்கே வந்துதான் கப்பல் ஏறியது. 1876இல் ரயிலும் வந்து சேர்ந்தது. பிறகு ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் கோரல் மில்லை நிறுவினார்கள். ஆக, ஒரு தெருப் பலகைக்குள் ஒரு நூற்றாண்டு வியாபாரம் ஒளிந்திருக்கிறது.

வ.உ.சி.யை நமக்குத் தெரியும். கப்பலோட்டிய தமிழர்! ஆனால் அந்தக் கப்பல் எப்படி ஓடியது? 1906இல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்கான கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து போட்டியை நசுக்கப் பார்த்தது. 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்து போகிற கதை, பங்குக் கணக்கோடு படிக்கும்போது நெஞ்சைப் பிசைகிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1908 பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூடுதல் சம்பளம் வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்பவை அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12இல் தலைவர்கள் கைதானதும், அதே தொழிலாளர்கள் மறுபடி வேலையை விட்டு வெளியே வந்தார்கள். இந்தத் தடவை தங்கள் கூலிக்காக இல்லை, தங்களுக்காகப் பேசியவர்களுக்காக!

வ.உ.சி.யின் பெயர் துறைமுகத்துக்கு இருக்கிறது. கலெக்டர் ஆஷ், தண்டனை கொடுத்த நீதிபதி பின்ஹே, மில் முதலாளி ஹார்வி என்று எல்லாப் பெயரும் ஏட்டில் இருக்கிறது. பட்டினி கிடந்து வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மில் யாராவது சொல்ல முடியுமா? வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அலமாரி பொய் சொல்லவில்லை தோழர்களே. காகிதம் எழுதியவன் யாரோ, அவனுடைய கதைதான் காகிதத்தில் இருக்கும். கலெக்டர் எழுதினார், நீதிபதி எழுதினார், பாதிரியார் எழுதினார். கைநாட்டு வைத்தவர்கள் எழுதவில்லை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். உப்பளத்தில் வேலை பார்த்த தாத்தாவின் கூலிச் சீட்டும், ரேஷன் கார்டும், ஒரே ஒரு போட்டோவும் ஆச்சியின் தகரப் பெட்டியில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும். தீபாவளிக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போது அதெல்லாம் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போய்விடுகிறது. நம்ம ஊர் வரலாற்றில் பாதி, கிலோ கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது!

"ஏல, இது பரீட்சைக்கு வருமா? வேலை கிடைக்குமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வராது, கிடைக்காது. ஆனால் நாளைக்கு நம்மில் பலரும் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் ஒப்பந்தக் கூலியாக நிற்கப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமையும் வா என்று மேஸ்திரி சொல்லும்போது, அந்த ஒரு நாள் லீவுக்காக இதே ஊரில் நம்மைப் போன்றவர்கள் 1908லேயே போராடினார்கள் என்று தெரிந்தவன் நிற்கிற நிலை வேறு, தெரியாதவன் நிற்கிற நிலை வேறு.

இதெல்லாம் பெரிய படிப்பாளிகள் செய்கிற வேலை என்று ஒதுங்க வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் சேர்த்த நூல், இதழ், அழைப்பிதழ், விளம்பரம் எல்லாம் ஏறக்குறைய ஒரு லட்சம். அவர் 1992இல் மறைந்தபின் அந்தச் சேகரிப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. வ.உ.சி.யின் கடிதங்களைத் தேடித் தொகுத்து 1984இல் நூலாக்கிய ஆ.இரா.வேங்கடாசலபதிக்கு அப்போது வயது 17. நம்மைவிடச் சின்னவர்!

எனவே நமது மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். கல்லூரி நூலகத்தில் 'ஊர் அலமாரி' என்று ஒன்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு காகிதம் கொண்டு வரட்டும். மில் அடையாள அட்டை, துறைமுக டோக்கன், கொடை விழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. செல்போனில் படம் பிடித்துக்கொண்டு அசலை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். போட்டோவில் இருப்பது யார், எந்த வருஷம் என்பதைப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அவர்கள் போனபின் கேட்க ஆள் இருக்காது. தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் போடாதீர்கள். காகிதத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அழித்துவிடுவோம். சேர்ந்தவற்றின் நகல் ஒன்றை ஊர் நூலகத்துக்கும் கொடுக்கலாம். நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அது நம்ம நூலகம். கூச்சப்படாமல் உள்ளே போங்கள்!

ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். முதல் வடத்தை நாமே பிடிப்போம். இந்த மலரின் பின்பக்கங்களில் எல்லாத் துறை மாணவர்களின் பெயரும் அச்சாகும். அளத்துக்காரர் மகன், வலைக்காரர் மகன், தீப்பெட்டி ஆபீஸ் போகிற அம்மாவின் மகள் எல்லோரும் அதில் இருப்பார்கள். ஊர் அலமாரியில் முதல் நூலாக இதையே வையுங்கள். நூறு வருஷம் கழித்துத் தேடி வருகிறவனுக்கு நம்ம பெயராவது கிடைக்கட்டும்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை