சொல் மாறினும் வேதம் மாறுமோ?

விஜயபுரத்திலும், நகரி, சித்தூர், திருப்பதி முதலிய ஊர்களிலும் பரவி வாழும் நம் குடும்பங்களிற் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்கின்றனர். இரு மொழிகட்கு இடையே வாழ்பவர்க்கு ஒரு மொழியுள் வாழ்பவர்க்கு எழாத ஐயங்கள் எழுவது இயல்பே. அவ்வையங்களுள் ஒன்றை இத்திங்கள் ஆராயப் புகுகின்றோம். அது கிறித்தவ அன்பர்களின் இல்லங்களில் எழுவதாயினும், அதன் விடை எந்நெறியைச் சார்ந்தார்க்கும் பயன் தரவல்லது.

பாட்டியார் கையிலுள்ள பழைய வேதாகமத்தில் இறைவனைக் குறிக்கும் சொல் ‘தேவன்’ என்பது. மகன் வாங்கி வந்த திருவிவிலியத்தில் அச்சொல் ‘கடவுள்’ என நிற்கின்றது. பேரன் ஆலயத்திற் கேட்கும் தெலுங்கு வேதத்திலோ ‘தேவுடு’ என்று வருகின்றது. இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மூவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினால், முதற் சொல்லிலேயே பிரிந்துவிடுகின்றனர். பாட்டியார்க்கு அது ‘கர்த்தர்’, மகனுக்கு ‘ஆண்டவர்’, பேரனுக்கு ‘யெகோவா’. வேதம் ஒன்றாயின் சொல் ஏன் பல என்று பேரன் வினவுகின்றான். புதிய நூல் வேதத்தைக் கெடுத்துவிட்டது என்பார் முதியோர். பழைய நூல் பிழைபட்டது என்பார் இளையோர். எல்லாம் மனிதர் கட்டிய கதையே என்று மூன்றாமவர் நூலை மூடிவிடுவார். இம்மூன்றும் அவசர முடிவுகளே என்பது தமிழ் வேதத்தின் வரலாற்றை அறிந்தார்க்கு இனிது விளங்கும்.

1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’ என்பது. அதனை வெளியிட்ட அண்ட்ரிக் அடிகளார், சைவ மடங்களில் வழங்கிய ‘தம்பிரான்’ என்னும் சொல்லையே தம் இறைவனுக்கும் உரியதாகக் கொண்டார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரான இராபர்ட் தெ நொபிலி ‘சர்வேசுரன்’ என்னும் சொல்லை வழங்கினார். எல்லார்க்கும் ஈசுவரன் என்பது அதன் பொருள். 1706-இல், நூறாண்டு கழித்துத் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செருமானியர், தாம் மொழிபெயர்த்துச் சில ஆண்டுகளில் அச்சேற்றிய புதிய ஏற்பாட்டில் கத்தோலிக்கர் வழங்கிய அச்சொல்லையே ஏற்றுக்கொண்டார். பின்னர்ச் சென்னையில் இருந்து நெடுங்காலம் உழைத்த பப்ரீசியு ஐயர், ‘பராபரன்’ என்னும் சொல்லை நிலைபெறச் செய்தார். தாயுமானவர் பாடல்களைக் கற்றார்க்கு அச்சொல் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பல சபைகள் கூடி எடுத்த முயற்சியின் பயனாக, பவர் ஐயர் தலைமையில் 1871-இல் முழுமை பெற்ற பதிப்பு ‘தேவன்’ என்று மாற்றிற்று. பாட்டியார் கையிலிருப்பது அப்பதிப்பே. இருபதாம் நூற்றாண்டின் திருத்திய மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றது. 1995-இற் கத்தோலிக்கரும் பிற சபையினரும் ஒருங்கிணைந்து வெளியிட்ட திருவிவிலியமும் அதனையே கொண்டது.

இவ்வாறு ஐந்து சொற்கள் வந்தன. இவற்றுள் ஒன்றேனும் கிறித்தவர் புதிதாக ஆக்கிய சொல்லன்று. யாவும் நம் நாட்டுப் பிற நெறியினர் முன்னரே வழங்கியவை. ஆகவே ஒவ்வொன்றும் தன் பழைய மணத்தையும் உடன்கொண்டே வந்தது. ‘சர்வேசுரன்’ என்றால் சிவபெருமான் நினைவு வருமே என்று ஒரு சாரார் தயங்கினர். ‘பராபரன்’ என்பது தத்துவ ஞானிகளின் சொல், எளியோர்க்கு எட்டாதது என்று மற்றொரு சாரார் கருதினர். ‘தேவன்’ என்றாலோ தேவர் பலருள் ஒருவன் என்று பொருள்படும். ‘தேவி’ என்னும் பெண்பாற் சொல்லும் அதன் அருகே நிற்கும். எனின், அறிஞர் அதனை ஏன் தேர்ந்தனர்?

இங்கேதான் மூலமொழி ஆராய்ச்சி நமக்கு உதவுகின்றது. பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இறைவனைக் குறிக்கும் ‘எலோகிம்’ என்பது வடிவத்திற் பன்மைச் சொல். ஆதியாகமத்தின் முதல் அடியில் அப்பன்மைச் சொல் ஒருமை வினையோடு முடிகின்றது. அதே சொல் பிற இனத்தார் வணங்கிய தெய்வங்களையும் குறிக்கும். பத்துக் கட்டளைகளுள் வேறு தெய்வங்கள் வேண்டா என்று விலக்குமிடத்தும் அச்சொல்லே வருகின்றது. ஒருவனாகிய இறைவனையும் விலக்கப்பட்ட பலரையும் ஒரே சொல்லாற் சுட்ட வேண்டுமாயின், பன்மை கொள்ளத்தக்க சொல் வேண்டும். ‘பராபரர்கள்’ என்று சொல்ல இயலுமோ? ‘தேவர்கள்’ என்று சொல்லலாம். ஆதலின் ‘தேவன்’ என்பதன் குறையென்று ஒருவர் கண்டதே, மூலத்தோடு ஒத்து நிற்றற்குரிய தகுதியென்று மற்றொருவர்க்குத் தோன்றும். ‘கடவுள்’ என்பதற்கும் தனிச் சிறப்பு உண்டு. அது தொல்காப்பியத்திலேயே காணப்படும் பழந்தமிழ்ச் சொல். ஆண்பால் பெண்பால் ஈறு பெறாது நிற்பது. எல்லாவற்றையும் கடந்தும் உள்ளும் இருப்பது என்று பலர் அதற்கு நயம் கூறுவர். எந்தச் சொல்லும் முழுதும் பொருந்தியதில்லை. எந்தச் சொல்லும் முழுதும் பிழையுமில்லை.

இனிக் ‘கர்த்தர்’, ‘யெகோவா’ என்னும் வேறுபாட்டைக் காண்போம். எபிரேய வேதத்தில் இறைவனுக்குரிய திருநாமம் நான்கு மெய்யெழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளது. யூதர் அந்நாமத்தின் மீதிருந்த அச்சத்தாலும் மதிப்பாலும் அதனை வாய்விட்டு உச்சரியாமல், ‘என் ஆண்டவர்’ எனப் பொருள்படும் ‘அதோனாய்’ என்னும் சொல்லை அவ்விடத்திற் படித்தனர். கிறித்துவுக்கு முன் அலெக்சாந்திரியாவில் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பும் அவ்வழக்கைப் பின்பற்றித் தலைவர் என்னும் பொருளுடைய சொல்லையே இட்டது. தமிழ்க் ‘கர்த்தர்’ இவ்வழி வந்தது. பிற்காலத்தில் அந்நான்கு மெய்களோடு ‘அதோனாய்’ என்பதன் உயிரொலிகளைச் சேர்த்துப் படித்ததனால் ‘யெகோவா’ என்னும் வடிவம் பிறந்தது. பழைய ஒலி ‘யாவே’ என்பதற்கு அண்மையதாயிருக்கலாம் என்பது இக்கால அறிஞர் பலரின் கருத்து. தெலுங்கு வேதம் எழுத்தின் வழிச் சென்றது. தமிழ் வேதம் படிக்கும் மரபின் வழிச் சென்றது. பாட்டியாரும் பேரனும் ஒரே நாமத்தின் முன்னர்தான் நிற்கின்றனர். ஒருவர் அதனைச் சொல்ல முயல்கின்றார். மற்றவர் சொல்லாது வணங்குகின்றார்.

இரு மொழிகளும் இவ்வாறு பக்கத்தில் நிற்பது நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. 1853-இல் அமைந்த அமெரிக்க ஆற்காடு மிஷன், ஆற்காடு, வேலூர், சித்தூர் ஆகிய ஊர்களைத் தன் நிலையங்களாகக் கொண்டு, தமிழிலும் தெலுங்கிலும் பணிசெய்தது. அம்மிஷனைச் சார்ந்த சேம்பர்லேன் ஐயர் மதனப்பள்ளியில் இருந்துகொண்டு, தெலுங்கு வேதத்தைத் திருத்தும் குழுவின் தலைவராக நெடுங்காலம் உழைத்தார். யாழ்ப்பாணத்திலோ பெர்சிவல் ஐயருடைய வேத மொழிபெயர்ப்புக்கு உறுதுணையாயிருந்தவர் சைவப் பெருந்தகையாகிய ஆறுமுக நாவலர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சாயிற்று. நான்காண்டு கழித்து, சைவத்தைப் பழித்தாரை மறுத்து நாவலர் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதியபோது, ஆலயம், பலி, நறும்புகை ஆகியன பற்றிப் பழைய ஏற்பாடு கூறுவனவற்றையே எடுத்துக் காட்டி வாதிட்டார். ஒரு நூலை நம்புவார்க்கேயன்றி நம்பாதார்க்கும் அதனை நுணுகிக் கற்கும் உரிமையும் கடமையும் உண்டென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

சொல் மாறியதை ஒருவாறு ஏற்றுக்கொள்வோரும், ஓரடியே காணாமற் போனால் பொறுப்பரோ? யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தைப் பழைய தமிழ்ப் பதிப்பிலும் திருவிவிலியத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்றாயிருப்பதாகக் கூறும் பகுதி முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. திரித்துவக் கொள்கையை இத்துணைத் தெளிவாகக் கூறும் பகுதி நீங்கியது கண்டு, வேதத்தையே வெட்டிவிட்டனர் என்று வருந்துவார் உளர். அவ்வருத்தம் எள்ளத்தக்கதன்று, உண்மை வேறு.

பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அப்பகுதி இல்லை. இலத்தீன் வழக்கில் நுழைந்த அதனை, கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516-இல் அச்சிட்ட எராசுமுசு என்னும் பேரறிஞர் முதற் பதிப்பிலும் 1519-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னர் 1522-இற் சேர்த்தார். அப்பதிப்பு மரபின் வழியே அது 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதத்துள்ளும், பின்னர்த் தமிழுள்ளும் புகுந்தது. ஆயின் திரித்துவக் கொள்கை அப்பகுதியை நம்பிப் பிறந்ததன்று. 325-இல் நைசியாவிலும் 381-இற் கான்ஸ்டான்டிநோபிளிலும் சங்கங்கள் கூடிய அக்காலத்தில், இக்கொள்கை பற்றிக் கடுமையாக வாதிட்ட கிரேக்க ஆசிரியர்கள் அதனைச் சான்றாகக் காட்டவில்லை. வேதத்தின் பிற பகுதிகளையே ஆதாரமாகக் கொண்டனர். ஆகவே அப்பகுதியை நீக்கியவர் கொள்கையை வெட்டினாரல்லர். பிற்காலத்தார் சேர்த்ததை நூலாசிரியர் மேல் ஏற்றாது விடுத்தனர். வேதத்தின்பால் மதிப்பு இல்லாதவர் இத்துணை உழைப்பை மேற்கொள்வரோ?

எழுத்தெண்ணிக் காத்தவர்களின் உழைப்பும் மறக்கத்தக்கதன்று. 1947-ஆம் ஆண்டு தொடங்கிச் சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் வெளிப்பட்ட சுருள்களுள் ஏசாயா நூல் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. அதுவரை கையிலிருந்த முழு எபிரேயப் பிரதிகளினும் அது ஓராயிரம் ஆண்டு பழமையுடையது. ஒப்பிட்டபோது எழுத்து வேறுபாடுகளும் சிற்சில சொல் வேறுபாடுகளும் பல காணப்பட்டன. எனினும் நூல் அதே நூலாகவே இருந்தது.

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? வேதத்தின் அதிகாரம் ஒரு பதிப்பின் அச்செழுத்தில் அடங்கிக் கிடப்பதாயின், சர்வேசுரன் பராபரனாக மாறிய நாளிலேயே அது அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. மூலத்தைத் தேடுவோர் நேர்மையிலும், படிப்போர் வாழ்விலும் அது தொடர்ந்து நிற்கின்றது. இறையியல்பு எச்சொல்லிலும் அடங்காதது என்று எல்லா நெறிச் சான்றோரும் கூறுவர். அங்ஙனமாயின், சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்த மொழிபெயர்ப்பாளர் அவ்வுண்மையைச் செயலாற் காட்டினர் என்பதே பொருந்தும்.

ஆயினும் முதியோரிடம் பழைய நூலை விட்டுவிடுங்கள் என்று கூறுவது முறையன்று. நோயிலும் பிரிவிலும், மகப்பேற்றிலும் மரணப் படுக்கையிலும் ‘கர்த்தரே’ என்று அழைத்துப் பழகிய நாவுக்கு, வேறொரு சொல் சரியாயிருக்கலாம்; ஆறுதலாயிராது. ஆராய்ச்சி சொல்லின் பொருளை அளக்கும். அது தாங்கிய கண்ணீரை அளக்காது.

பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. பிள்ளை வினவும்போது அதட்டி அடக்காதீர்கள். மூன்று நூல்களையும் ஒரே மேசைமேல் விரித்து வைத்து, பாட்டியாரைத் தமிழிலும் பேரனைத் தெலுங்கிலும் ஒரே சங்கீதத்தைப் படிக்கச் செய்யுங்கள். தெலுங்கு எழுத்தறிந்த பிள்ளை அந்த ஒரு பக்கத்தின் பொருட்டேனும் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்பான். பாட்டியாரும் அந்த யெகோவா தம் கர்த்தரே என்று அறிந்துகொள்வார். பிற நெறியினரும் தத்தம் இல்லத்து நூல்களைக் கொண்டு இவ்வாறே செய்யலாம். வேதத்தின் பேரால் ஒரு வீடு பிளவுபடுவதினும், ஒரு சொல்லின் பொருட்டு மூன்று தலைமுறை ஒரு விளக்கின் கீழ் அமர்வது நன்றன்றோ?