விடியலில் ஓடப் போகிறவர் என்ன பசியாறலாம்?

“பசியாறியாச்சா?”

காலையில் யாரைக் கண்டாலும் நாம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இந்த முறை அதே கேள்வி கடிதமாக வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு தாயார். இருபது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது கணவரோடு பெட்டாலிங் ஜெயாவில் மகன் வீட்டில் இருக்கிறார். மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து, கூட்டாளிகளோடு தாமான் ஜெயா ஏரிப் பக்கம் ஓடப் போகிறானாம். ஒருநாள் வழியில் ஒரு பாக்கெட் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு ஓடி, பாதியிலேயே வாந்தி. அடுத்த வாரம் அதற்குப் பயந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடி, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். போதாததற்கு, “நானும் உன்கூட வர்றேன்” என்று அப்பா கிளம்பியிருக்கிறார். அவருக்கு இனிப்புநீர். “இந்த ரெண்டு பேருக்கும் நான் என்னதான் குடுத்து அனுப்புறது?” என்று கேட்கிறார் அந்த அம்மா.

அம்மா, பாதிப் பதில் உங்களிடமே இருக்கிறது. நீங்கள் வெட்டுக்குப் போன நாட்களில் என்ன செய்தீர்கள்? கோழி கூவுமுன் எழுந்து, கடுங்காப்பி ஆற்றி, அதில் இரண்டு ரொட்டியைத் தொட்டுத் தின்றுவிட்டுப் பிரட்டுக்குப் போனீர்கள். காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால் அந்த அவசரம். தூக்குச் சட்டியில் இருந்த சோறோ தோசையோ, வெட்டு முடிந்து வெயில் ஏறிய பிறகுதான். முன்னே கொஞ்சம், முழுப் பசியாறல் பின்னே. ஓடுகிறவனுக்கும் அதே முறைதான் பொருந்தும். உங்கள் மகன் ஓடுகிற அந்த இடமும் ஒரு காலத்தில் தோட்டக்காடுதான் தெரியுமா? எஃபிங்ஹாம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர் தோட்டத்தில்தான் 1950களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயாவைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

நாசி லெமாக் ஏன் ஆகாது? அது கெட்ட சாப்பாடு என்று நான் சொல்லவில்லை. (சொன்னால் என் வீட்டிலேயே சண்டை வரும்!) தேங்காய்ப் பாலும் எண்ணெய்ச் சம்பலும் பொரித்த நெத்திலியும் வயிற்றை விட்டு இறங்க மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். ஓடும்போது ரத்தம் கால் தசைகளுக்குப் போய்விடுவதால் வயிற்றுக்குக் கிடைப்பது குறைகிறது. உள்ளே இருப்பது செரிக்காமல் குலுங்கிக்கொண்டே இருக்கும். ரொட்டி சானாயும் அப்படித்தான்.

சரி, வெறும் வயிற்றோடு ஓடலாமா? நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அதை ஈரல் தன் சேமிப்பிலிருந்து இரவெல்லாம் எடுத்துக் கொடுக்கிறது. விடியும்போது அந்தச் சேமிப்பு நன்றாகக் குறைந்திருக்கும். தசையில் உள்ளது அப்படியே இருக்கும். ஆகவே நல்ல உடம்புக்காரர் அரைமணி, முக்கால் மணி நேரம் மெதுவாக ஓட ஒரு கோப்பைத் தண்ணீரே போதும். ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. முதல் நாள் இரவு ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஓவர்டைம் முடித்து, வெறும் தே தாரிக்கோடு படுத்தவன் காலையில் ஓடினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? மகனிடம் அதைக் கேளுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதாக இருந்தால், அல்லது பசியோடு எழுந்தால், கிளம்ப அரைமணி முக்கால் மணிக்கு முன் சின்னதாக ஏதாவது வேண்டும். இரண்டு பீசாங் மாஸ் போதும். இல்லையென்றால் வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு, மேலே கொஞ்சம் காயா, மார்ஜரின் வேண்டாம். கிரேக்கர் ரொட்டி நாலைந்தைக் கடுங்காப்பியில் தொட்டுத் தின்றாலும் சரிதான். காப்பி ஓட்டத்துக்கு உதவும். ஆனால் வயிற்றையும் கலக்கும், வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறைப்பாலை ஊற்றிக் கெட்டியாகக் கலக்கிய மைலோ, ஓடி வந்த பிறகு. பழைய சோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துப் பழகியவர்கள் அதையே குடிக்கலாம். நம் ஊரில் விடியற்காலையிலும் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும்.

எதுவானாலும் பந்தய நாளில் புதிதாகச் சோதிக்கக் கூடாது. பள்ளியில் குறுக்கோட்டம் ஓடும் பிள்ளைகளுக்கும் இதுதான். “ஓடப் போற புள்ள, தெம்பு வேணும்” என்று அன்றைக்கு மட்டும் இரண்டு முட்டையை வாயில் திணிக்காதீர்கள்.

வழியிலேயே தின்றாக வேண்டிய ஓட்டமும் உண்டு. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்ற நம் ஜி. சரவணன் நடந்தது 4 மணி 10 நிமிடம். அவ்வளவு நேரத்துக்கு உடம்பின் சேமிப்பு மட்டும் காணாது. இதை உலகம் அறிந்து நூறு வருஷம் ஆகிறது. 1924இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை டாக்டர்கள் சோதித்தார்கள். துவண்டு விழுந்தவர்களுக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. 1925இல் ஓட்டக்காரர்களுக்கு முன்னதாகவே மாவுச்சத்துள்ள உணவைக் கொடுத்து, வழியில் மிட்டாயும் தின்னச் சொன்னார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஆட்களும் தெளிவாக வந்து சேர்ந்தார்கள்.

இனி அப்பாவின் விஷயம். அம்மா, எனக்கு உண்மையில் கவலை இவரைப் பற்றித்தான். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், இந்நாட்டு இந்தியர்களில் வயது வந்த 100 பேரில் 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. எல்லா இனத்தையும் விட நாம்தான் அதிகம். ஆகவே அவர் நடப்பதும் ஓடுவதும் நல்லதே, தடுக்காதீர்கள். ஆனால் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாருங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ என்றால், வெறும் வயிற்றில் ஓடுவது ஆபத்து. மருந்தும் சர்க்கரையை இறக்கும், ஓட்டமும் இறக்கும். கிளினிக்கில் டாக்டரிடம், “காலையில் ஓடப் போகிறேன், மருந்தை எப்போது எடுப்பது?” என்று முதலில் கேட்கட்டும். வீட்டில் சோதிக்கும் கருவி இருந்தால் கிளம்பும் முன் பார்க்கட்டும். 5க்குக் கீழ் இருந்தால் ரொட்டியோ பழமோ சாப்பிடாமல் படி இறங்கக் கூடாது.

சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஓடுகிறவனுக்கு வேர்ப்பதும் படபடப்பதும் சகஜந்தானே என்று கூட இருப்பவர்கள் விட்டுவிடுவார்கள். பேச்சுக் குழறினாலோ நடை தள்ளாடினாலோ உடனே நிறுத்தி உட்கார வைத்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 999. இதை மகனுக்கும் சொல்லி வையுங்கள், கூட ஓடுகிற கூட்டாளிகளுக்கும் தெரியட்டும்.

அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி, மகன் கையில் ஒரு போத்தல் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் நீங்களே எடுத்து வையுங்கள். ஓடிவிட்டு வந்ததும் மகன் நாசி லெமாக் கேட்டால், தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். அப்பாவுக்குப் பாதிப் பாக்கெட் போதும்.