துடைத்தவர்கள்

சென்ட் லோரன்ட்டில், கோட்-டு-லியெஸ் வீதியோரம், 1956 முதல் 2019 வரை கனடிய தேசியத் திரைப்பட வாரியத்தின் தலைமையகம் இருந்தது. நம்மவர்களில் பலர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்திருப்பார்கள். 1970 முதல் 1975 வரை அந்த வாரியத்தின் தலைவராக இருந்தவர் சிட்னி நியூமன். ரொறொன்ரோக்காரர். அதற்கு முன்னர் இலண்டனில் பி.பி.சி. தொலைக்காட்சியின் நாடகப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். 'டொக்டர் ஹூ' தொடரைத் தொடக்கி வைத்தவர்களில் முதலில் சொல்லப்படுவது அவர் பெயர்தான்.

அந்தத் தொடரின் முதற்பகுதி 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஐந்தேகால் மணியளவில் ஒளிபரப்பாயிற்று. முதல்நாள்தான் கென்னடி கொல்லப்பட்டிருந்தார். இயக்கியவர் இலக்னோவில் பிறந்த இருபத்துநான்கு வயது இளைஞர், வாரிஸ் ஹுசைன். தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். செய்தியின் அதிர்ச்சியில் பலர் அதைப் பார்க்காமல் விட்டதால், அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பகுதிக்கு முன்னால் முதற்பகுதியை மறுபடியும் காட்டினார்கள். இன்று உலகம் முழுக்க ரசிகர்கள் கொண்ட தொடர் அது.

அடுத்த ஆண்டு ஹுசைன் 'மார்க்கோ போலோ' என்ற ஏழு பகுதிக் கதையில் பெரும்பகுதியை இயக்கினார். (நம் பாண்டிநாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்த அதே மார்க்கோ போலோதான்.) அதில் ஒரு பகுதியின் படம்கூட இன்று இல்லை. பி.பி.சி. அதை அழித்துவிட்டது. அறுபதுகளில் ஒளிபரப்பான 'டொக்டர் ஹூ' பகுதிகளில் 90க்கும் மேற்பட்டவை இன்னும் கிடைக்கவில்லை. அக்காலத்துச் சனிக்கிழமை இரவுகளின் பொலிஸ் தொடரான 'டிக்சன் ஒஃப் டொக் கிரீன்' நானூறு பகுதிகளுக்கு மேல் ஓடியது. மிஞ்சியது சிறு பங்கு. 1963 சனவரியில் பொப் டிலன் நடித்த நாடகம் ஒன்றையும் துடைத்துவிட்டார்கள். 1969இல் மனிதன் நிலவில் இறங்கிய இரவு பி.பி.சி. தன் கலையகத்திலிருந்து நடத்திய நிகழ்ச்சியும் அப்படியே போயிற்று.

இதை ஏன் ஒரு தமிழ்ச் சஞ்சிகையில் எழுதுகிறேன் என்றால், அந்த அழிப்பு நடந்த விதம் எனக்கு மிகவும் பழக்கமானதாகத் தெரிகிறது. அங்கே வில்லன் யாரும் இல்லை. இரண்டு அங்குல அகல ஒளிநாடா விலை கூடியது. துடைத்தால் மறுபடி பயன்படுத்தலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்தபடி மறு ஒளிபரப்புச் செய்ய முடியாது. ஆகவே ஒளிநாடாவைப் பொறியியற் பிரிவு துடைத்தது. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த திரைப்படச் சுருள்களை, விற்கும் உரிமை முடிந்ததும் விற்பனைப் பிரிவு எறிந்தது. மூலப்பிரதி மற்றவர்களிடம் இருக்கும் என்று ஒவ்வொரு பிரிவும் நினைத்துக்கொண்டது. 1978 அளவில்தான் எல்லாவற்றையும் பேணுவதற்கு முறையான ஏற்பாடு வந்தது.

நம்முடைய சங்கங்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். தொண்ணூறுகளில் நடந்த பொங்கல் விழா, நாட்டுக்கூத்து, தேவாலய மண்டபத்தில் மேடையேறிய நாடகம் இவற்றின் வீடியோ எங்கே? செயலாளர் பழைய தலைவரைக் கைகாட்டுவார். பழைய தலைவர் வீடியோ எடுத்தவரைச் சொல்வார். வீடியோ எடுத்தவர் கலியாண வீடுகளுக்குக் கசெற் தட்டுப்பட்டபோது அதன்மேலேயே பதிந்துவிட்டார். பி.பி.சி.யின் பிரிவுகள்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை.

தகவல் தொழில்நுட்ப ஆலோசகனாக நான் பிழைப்பது, நிறுவனங்களுக்குத் தரவுகளை எப்படிக் காப்புப் பிரதி எடுத்து வைப்பது என்று சொல்லிக் கொடுத்துத்தான். சென்ற கோடையில் ஓர் அமைப்பு தன் வாடகை அறையைக் காலி செய்தபோது உதவிக்குப் போயிருந்தேன். குப்பைப் பைக்குள் போய்க்கொண்டிருந்த வீடியோ கசெற்றுகளைத் தரும்படி கேட்டேன். பொறுப்பாளர் சிரித்தார். "உதை ஆர் தம்பி இனிப் பாக்கப் போகினம்? வீட்டிலை கொண்டுபோய் அடுக்கினா மனுசி உம்மையும் சேத்தெல்லோ எறிவா" என்றார். நல்ல மனிதர்தான். ஒவ்வொரு ஆண்டும் யாழ் நூலக எரிப்பு நினைவுக் கூட்டத்தில் கண்கலங்கப் பேசுபவர்.

1981இல் எரிந்த 97,000 நூல்களை நான் சிறிதாக்கவில்லை. அந்தத் துயரம் உண்மையானது, அந்தக் குற்றமும் உண்மையானது. ஆனால் எரித்தவனைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் பேசிப் பேசி, அழிவென்றால் வெளியிலிருந்து ஒருவன் தீப்பந்தத்தோடு வரவேண்டும் என்று நம்பப் பழகிவிட்டோம். தமிழின் முதற் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. இன்று அதைப் பார்க்க வழியில்லை. அதற்காக நினைவுக்கூட்டம் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை.

பிரித்தானியருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது, நமக்கு அது இல்லை. அவர்கள் நிகழ்ச்சிகளை உலகெங்கும் விற்றிருந்தார்கள். இலண்டனில் எறிந்தது ஹொங்கொங்கில் மிஞ்சியிருந்தது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் அறையில் 'டொக்டர் ஹூ'வின் ஒன்பது பகுதிகள் கண்டெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். 'மார்க்கோ போலோ'வின் படம் போனாலும் ஒலி இருக்கிறது. வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த ரசிகர்களின் புண்ணியம். மொன்றியலில் நாம் போட்ட நாடகத்தை எந்த நைஜீரியாவும் விலைகொடுத்து வாங்கவில்லை. நம் நிலவறையில் கிடப்பது மட்டுந்தான் பிரதி. அது போனால் எந்த ஊர்க் களஞ்சியத்தைத் திறந்தாலும் கிடைக்காது.

வேறொன்று கிடைக்கும். 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். பின்னர் அவர்கள் மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கரையேறிய காட்சியைக் கனடியத் தொலைக்காட்சி படம்பிடித்தது, பேணியும் வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் அதைத் தேடினால் கிடைக்கும். அந்த மனிதர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கூத்துப் போட்டார்கள், கவியரங்கம் வைத்தார்கள், மேடையில் ஒருவரையொருவர் திட்டினார்கள். அதைப் படம்பிடித்தவர்கள் நாம்தான். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேத்தி தேடும்போது, போர்வை போர்த்தியபடி நடுங்கிக்கொண்டு கரையேறும் தமிழன் மட்டும் இருப்பான். கைதட்டலுக்கு நடுவே வசனத்தை மறந்து நின்று பின்னால் பார்க்கும் தமிழன் இருக்கமாட்டான். மற்றவர்கள் நம்மைப் பார்த்தது மட்டும் மிஞ்ச, நாம் நம்மைப் பார்த்தது அழியப்போகிறது. எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

இலக்கிய நண்பர்கள் சிலர் இந்த வீடியோக்களில் என்ன தரம் இருக்கிறது என்று கேட்கிறார்கள். மூன்று மணிநேரம் பொன்னாடை போர்த்துவதை யார் பேணுவது? 'டொக்டர் ஹூ' காகிதக் கூழ்ச் செற்றும் அட்டைச் சுவரும் கொண்ட சிறுவர் நிகழ்ச்சி. துடைத்தவர்களும் தரம் பார்த்துத்தான் துடைத்தார்கள். அதுபோக, அந்தக் கசெற்றுகளில் நெடுந்தீவுப் பேச்சும் வடமராட்சிப் பேச்சும் கலப்பில்லாமல் கேட்கும் கடைசிக் கிழவர்களின் குரல் இருக்கிறது. எந்தச் சிறுகதைக்காரரும் அந்த இழுவையை எழுத்தில் பிடித்ததில்லை. என் கதைக்கார நண்பர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

இன்னொரு பதில்: "எல்லாம் யூரியூப்பிலை கிடக்கு." கிடப்பது கொஞ்சம். கணக்கு வைத்திருந்தவர் கடவுச்சொல்லோடு காலமாகிவிடுவார்; பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு ஒலித்தது என்று நிறுவனம் காணொளியை மறைத்துவிடும். அது ஒரு கடைவீதி. சரக்கைக் காட்டலாம், முதற்பிரதியை அங்கே நம்பி விடமுடியாது.

நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து அச்சுப் பிரதிகளுக்குச் செய்துவரும் வேலையைப் பாருங்கள். பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பு. அச்சுக்கு அது நடந்தால் வீடியோவுக்கும் நடக்கும். தடையாக இருப்பது பணமல்ல. ஒரு சங்கம் ஆண்டு விருந்தில் மிஞ்சவிட்டுக் குப்பையில் கொட்டும் கொத்துரொட்டியின் காசு போதும்.

காலந்தான் இல்லை. வீட்டு வீடியோ கசெற் இயக்கியைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போதிருக்கும் கருவிகள் எல்லாம் கிழங்கள், உதிரிப்பாகங்கள் அருகிவருகின்றன. கசெற்றின் காந்தப் பூச்சும் ஆண்டுக்காண்டு உதிர்கிறது. என் வீட்டில் இரண்டு கருவிகள் இயங்குநிலையில் இருக்கின்றன. மொன்றியலில் யார் கேட்டாலும் தரத் தயார். ஒவ்வொரு சங்கமும் இந்தக் குளிர்காலத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்கட்டும். உரைகள் வேண்டாம். நிலவறைப் பெட்டிகளைக் கொண்டுவாருங்கள், கூடவே எழுபது எண்பது வயதுக்காரரையும் கூட்டிவாருங்கள். திரையில் தெரிகிற முகங்களின் பெயரைச் சொல்ல அவர்களால்தான் முடியும். பிள்ளைகள் தமிழிலோ பிரெஞ்சிலோ எதிலாவது குறித்துக்கொள்ளட்டும். கசெற்றின் முதுகில் எழுதியிருப்பதை அழிக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்ததைத் தனியே வையுங்கள், கருவிக்குள் போட்டுப் பார்க்காதீர்கள்; அது கருவியையும் கெடுத்து அடுத்த கசெற்றையும் கெடுக்கும்.