காத்தியும் கிலோவும்

நிலத்தை ஏக்கரில் சொல்கிறோம். துணியை மீட்டரில் வாங்குகிறோம். மலேசியாவில் எடைகள், அளவைகள் சட்டம் 1972இல் வந்தது. தராசு கிலோவுக்கு மாறியும், பெரியவர்கள் வாயில் இன்னும் காத்திதான்.

பேச்சில் எதுவும் இருக்கட்டும். கூலிக் கணக்கில் கவனம் வேண்டும். ஒரு பிக்குல் 100 காத்தி, கிலோவில் 60.48. 'சுமார் 60' என்றால் அரைக் கிலோ போயிற்று! ஒருவருக்கு அற்பம், நூறு பிக்குலுக்கு 48 கிலோ.

கிராணிமார்களே, தராசு காட்டும் எடையைச் சுருக்காமல் சீட்டில் எழுதுங்கள். பால் வெட்டும் தோழர்களே, நிறுக்கும்போது அருகில் நின்று பாருங்கள். அளவை மாறலாம், உழைப்பின் எடை குறையலாமா?