ஏர்பேக் விளக்கும் உப்புத் தண்ணீரும்

கேள்வி: "செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கார். ஒரு மாதமாக டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. ஆள் உட்கார்ந்திருப்பது போலவும் முன்னால் பந்து இருப்பது போலவும் படம். ஒரு மெக்கானிக், 'வண்டி ஓடுதுல்ல, விடுங்க' என்கிறார். இன்னொருவர் 500 ரூபாய் கொடுத்தால் விளக்கை அணைத்துத் தருவதாகச் சொல்கிறார். அடுத்த மாதம் மகளைப் பிரசவத்துக்கு வேலூர் அழைத்துப் போக வேண்டும். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?"
– ஒரு வாசகர், மாதனூர்.

பதில்: எதைச் செய்தாலும் அந்த 500 ரூபாய் வேலையை மட்டும் செய்துகொள்ள வேண்டாம்.

அது ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பியதும் சில நொடிகள் எரிந்து தானாக அணைய வேண்டும். அணையாமல் நின்றால், ஏர்பேக்கைக் கண்காணிக்கும் பெட்டி எங்கோ கோளாறு கண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மோதல் நடந்தால் பை விரியும் என்று நம்ப முடியாது. 500 ரூபாய்க்குச் செய்வது என்னவென்றால், பல்பைப் பிடுங்குவார்கள், அல்லது பை இருக்க வேண்டிய இடத்தில் சில ரூபாய் விலையுள்ள ஒரு ரெசிஸ்டரைச் சொருகிப் பெட்டியை ஏமாற்றுவார்கள். தண்ணீர் கலந்த பாலில் சர்க்கரை போட்டு லாக்டோமீட்டரை ஏமாற்றுகிற அதே வேலை. பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சாவி திருப்பும்போது அந்த விளக்கு எரியவே இல்லை என்றால், அது எரிந்துகொண்டே இருப்பதைவிட மோசம்.

விவசாயப் பத்திரிகையில் இந்தக் கேள்வி எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். முன் இருக்கைப் பயணிக்கும் 2021-ல் கட்டாயமானது. அந்தக் கார்கள்தான் இப்போது கைமாறி மாட்டுக் கொட்டகை ஓரங்களில் வந்து நிற்கின்றன.

வாசகரிடம் விசாரித்ததில் சில விவரங்கள் கிடைத்தன. கார் நிற்பது வைக்கோல் போருக்குப் பக்கத்தில். பின்பக்கம் கடலைப் புண்ணாக்கு மூட்டை ஏற்றுவதுண்டு. பக்ரீத் முடிந்த மறுநாள் அவருடைய மைத்துனர் உப்பு போட்ட ஆட்டுத்தோல்களை அதில் ஏற்றி ஆம்பூர் மண்டிக்குக் கொண்டு போயிருக்கிறார். அந்த நாற்றம் போக, போர்வெல் குழாயைக் காருக்குள்ளேயே பிடித்துத் தரையைக் கழுவியிருக்கிறார்கள். ஹாரன் நன்றாக அடிக்கிறது.

நோய் எங்கே என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. ஸ்டீயரிங்குக்குள் சுருள் நாடா போல ஒரு வயர் உண்டு. அது அறுந்தால் ஏர்பேக் விளக்கோடு ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து கெடும். ஹாரன் அடிக்கிறது என்பதால் முதல் சந்தேகம் அங்கே போக வேண்டாம். அடுத்தது பேட்டரி. சக்தி இறங்கிய பேட்டரியாலும், வேறு வண்டியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்வதாலும் இந்த விளக்கு வரலாம். இவருடையது புது பேட்டரி. மிச்சம் இருப்பது இருக்கைக்குக் கீழே.

சீட் பெல்ட்டுக்கும், பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அதற்கும் போகிற வயர்கள் இருக்கைக்கு அடியில் ஒரு கனெக்டரில் சேர்கின்றன. ஏர்பேக் கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறம். பல கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியே கியருக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக இருக்கும். அங்கே தண்ணீர் போனால் என்ன ஆகும்? அதுவும் எந்தத் தண்ணீர்?

பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பற்றி இந்தப் பகுதி விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்ற கணக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நிலத்தில் வெள்ளை பூக்க வைக்கிற தண்ணீர், கனெக்டரின் பின்னை மட்டும் சும்மா விடுமா? தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கும். இரவில் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஏர்பேக்கைப் பற்றவைக்கிற சுற்றின் மின்தடை 2 ஓம் அளவுதான். களிம்பு இன்னும் ஓரிரு ஓம் கூட்டினாலே பெட்டி அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். இருக்கையை முன்னே பின்னே தள்ளித் தேவையான இடைவெளியை முதலில் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். பெட்டிக்குள் சேமிப்பாக இருக்கும் மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை; அவசரம் கூடாது. பிறகு டார்ச் அடித்து இருக்கைக்கு அடியில் பாருங்கள். பின்னில் பச்சை தெரிகிறதா, வயரில் எலிப்பல் பட்டிருக்கிறதா? களிம்பு மட்டும் என்றால், கனெக்டரைப் பூட்டு விடுவித்துக் கழற்றி, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய விட்டு, 'டிக்' என்று சத்தம் வரும்படி மாட்டுங்கள். மண்ணெண்ணெய், உப்புத்தாள் வேண்டாம். பேட்டரியை மறுபடி இணைக்கும்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது.

எலி கடித்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏர்பேக் வயரை முறுக்கி டேப் சுற்றுவது தவறு. அதற்குரிய வயர் தொகுப்பையே மாற்ற வேண்டும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்தோ, டெஸ்ட் லேம்ப் கொண்டோ மஞ்சள் வயர்களைத் தொடவே கூடாது. அந்தச் சிறிய மின்சாரமே பையை வெடிக்க வைக்கலாம். பை விரிய ஆகும் நேரம் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குதான். கையை இழுத்துக்கொள்ள அவகாசம் இருக்காது. ஸ்டீயரிங் மூடியைத் திறக்கிற எண்ணமே வேண்டாம்.

உர மூட்டையைக் கையாளுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் ஏர்பேக் வாயுவுக்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டதில் அந்த மருந்து கெட்டு, வேண்டியதைவிட வேகமாக எரிந்து, இரும்புக் கூட்டையே துண்டுகளாகச் சிதறடித்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் விற்ற ஹோண்டா கார்களும் அதில் உண்டு. டகாட்டா 2017-ல் திவாலானது. மாருதி நிறுவனமும் 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரான 17,362 கார்களை ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காகத் திரும்ப அழைத்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

எலிக்கு மருந்து வைக்கும் பழக்கம் காருக்குள் வேண்டாம். ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் ஆட்டுத்தோல் நாற்றமே தேவலை என்றாகிவிடும். புண்ணாக்குத் துகளைக் கூட்டி எடுத்துவிட்டு, காரை வைக்கோல் போரிலிருந்து தள்ளி நிறுத்தி, இரவில் இரண்டு எலிப்பொறி வைத்தால் போதும். தஞ்சாவூர் கிட்டி போடத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

மகளைப் பின் இருக்கையில் உட்கார வையுங்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேலும், மேல்பட்டை மார்புக்கு நடுவிலும் வர வேண்டும். திரும்பி வரும்போது குழந்தையை மடியில் வைத்து முன்னால் உட்காரக் கூடாது. விரியும் பை கைக்குழந்தைக்கு உயிராபத்து. தேசிய நெடுஞ்சாலை 48-ல் லாரிகளுக்கு நடுவே போகிற பயணம் அது.

மாதனூர் வாசகர் மறுபடி பேசினார். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இரண்டு பின்னில் பச்சைக் களிம்பு இருந்ததாம். துடைத்து மாட்டியும் விளக்கு அணையவில்லை. பல கார்களில் கோளாறு சரியானாலும் பெட்டி பழைய குறியீட்டை நினைவில் வைத்திருக்கும். மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜினை மட்டுமே படிக்கும் என்பதால், வேலூரில் ஏர்பேக் பகுதியையும் படிக்கும் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போகச் சொல்லப்பட்டது. அங்கே குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்திருக்கிறது. பத்து நாளாக மறுபடி வரவில்லை. ரப்பர் மேட்டை இப்போது வெளியே எடுத்துத்தான் கழுவுகிறார்களாம்.